பின் அச்சின் மேல் எண்பது கிலோ

மார்ச் 3, செவ்வாய்

மதியம் சாப்பிட உட்காரும் நேரத்தில் வாசலில் ஹாரன். எங்கள் தெருவுக்குள் வந்து அவ்வளவு உரிமையாக ஹாரன் அடிப்பவர் ஒருவர்தான்: சகலை. வெளியே போய்ப் பார்த்தால், ஒரு வெள்ளைச் சரக்கு வேன் எங்கள் ஜன்னல் இரண்டையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது. பார்சல் கம்பெனி ஒன்று ஓட்டித் தேய்த்துக் கழித்த வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக மாற்றப் போகிறாராம். அதில் ஊர் ஊராகப் போகப் போகிறாராம்.

என் மனைவி கையைக்கூடத் துடைக்காமல் ஓடினாள். நான் பணி ஓய்வு பெற்று வீடு திரும்பிய அன்று கதவைத் திறந்து, "குடையை எங்க விட்டீங்க?" என்று கேட்டவள் இவள்.

"ஏறுங்க அண்ணி, டிரைவர் சீட்டுல உக்காருங்க" என்றார் சகலை. ஏறினாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் போனில் படம் எடுத்தார். சின்னவளும் (என் மனைவியின் தங்கை, சகலையின் மனைவி) பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பிறகு சகலை என் பக்கம் திரும்பி, "அண்ணே, அளவு டேப்போட வாங்க, அப்பத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்" என்றார். அதற்கும் சிரித்தாள்.

நான் வண்டியைச் சுற்றி வந்தேன். பழக்கம். வாகனத் தகுதி ஆய்வு அலுவலகத்தில் வாழ்நாள் முழுக்க வண்டிகளைச் சுற்றி வந்தவன். ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ரிவெட் அடித்த சின்னத் தகடு இருக்கும். இந்த வண்டி மொத்தம் எவ்வளவு எடை வரை போகலாம், முன் அச்சுக்கு எவ்வளவு, பின் அச்சுக்கு எவ்வளவு என்று செய்தவர்களே பொறித்திருப்பார்கள். குனிந்து படித்தேன். மொத்தம் 3,500 கிலோ. பின் அச்சு 2,250. நிமிர்ந்தபோது மூவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாய் ஒன்று சக்கரத்தை முகர்வதைப் பார்ப்பதுபோல.

மார்ச் 4, புதன்

அந்தப் படத்தை அவள் தன் போனின் முகப்பில் வைத்திருக்கிறாள். இதற்கு முன் அங்கே ஒரு ரோஜாப்பூ இருந்தது. ரோஜாவோடு எனக்கு எந்தத் தகராறும் இருந்ததில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அவர்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்த மேசையிலேயே சகலை வண்டியின் உள்புறத்தை வரைந்தார். கோணல் மாணலாக. கட்டில் ஒரு பக்கம் படகுபோல வளைந்திருந்தது. ஆனால் பென்சில் போகும் இடமெல்லாம் இரண்டு பெண்களும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். நான் அலுவலகத்தில் வரைந்த படங்களில் ஒரு கோடும் பிசகியதில்லை. ஒருத்தரும் தலை நீட்டியதில்லை.

"மூணு வாரம். கடலோரமாப் போய், மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி வர்றோம். நாலு பேரும்" என்றார்.

"இவர் வருவாரா?" என்றாள் என் மனைவி, என்னைப் பார்க்காமலே.

"அண்ணனைக் கட்டித் தூக்கிட்டுப் போயிடலாம் அண்ணி. அதுக்குத் தனியா ஒரு பெல்ட் வைக்கிறேன்."

சிரிப்பு. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். தொண்டையில் கொஞ்சம் தடுக்கி, பிறகு முழுதாக வெளியே வரும். கல்யாணமான புதிதில் நான் கேட்டிருக்கிறேன். எதற்காக வந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. இப்போது அவர் பேசுகிறார், வருகிறது. அவருக்கு அது அவ்வளவு சுலபமா?

எழுபதைத் தாண்டியவன் இப்படி எழுதலாமா? அவர் கெட்டவர் அல்ல. என் மனைவி தப்பானவள் அல்ல. அவரிடமிருந்து எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை. அதுதான் பிரச்சினை. குறை சொல்ல ஒன்றும் இல்லாத ஆள்மேல் பொறாமைப்படுவது பெரிய சிரமம். பிடிமானமே கிடைப்பதில்லை.

மார்ச் 11, புதன்

நான் வாரத்தில் இரண்டு நாள் போகும் பட்டறையில்தான் சகலையின் வண்டி. இங்கே சரக்கு வேன்களை மாற்றிக் கட்டுகிறார்கள்: குளிர்பெட்டி வண்டி, கருவிகள் அடுக்கும் வண்டி, இப்போது வீட்டு வண்டி. மாற்றிய வண்டி சாலைக்குப் போகுமுன் எடை அறிக்கை வேண்டும். அதை எழுதுபவன் நான்.

முதலாளியிடம் போய், "உறவுக்காரர் வண்டி. இதை வேறு யாராவது எழுதினால் நல்லது" என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சார், சொந்தக்காரர்னு நீங்க சலுகை காட்டிடுவீங்களா? உங்க அப்பா வண்டியா இருந்தாலும் அரைக் கிலோ விட மாட்டீங்க. எழுதுங்க."

சலுகை காட்டிவிடுவேனோ என்றுதான் உலகம் பயப்படும். அதற்கு நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 16, திங்கள்

கட்டில், அலமாரி, அடுப்பு, சமையல் மேடைக்குக் கல் பலகை, பாட்டரி எல்லாம் ஏறிவிட்டன. தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, எடை மேடைக்கு ஓட்டிப் போனோம். ஓட்டியவர் சகலை. நான் பக்கத்து இருக்கையில், கால்களுக்கிடையே பையை வைத்துக்கொண்டு.

மொத்த எடை 3,340. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து. எடை மேடைப் பெண் கண்ணாடி வழியாகக் கட்டை விரலைக் காட்டினாள். சகலை என் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா, இன்னும் நூத்தி அறுபது பாக்கி."

"பின் சக்கரத்தை மட்டும் தனியாக ஏற்ற வேண்டும்" என்றேன்.

"எதுக்கு அண்ணே? மொத்தம்தான் சரியா இருக்கே."

எல்லோரும் செய்யும் தப்பு இது. மொத்தம் சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பது. தொட்டியை அவர் வண்டியின் கடைசியில், பின் சக்கரங்களுக்கும் பின்னால் வைத்திருக்கிறார். அப்படி வைக்கும் நூறு கிலோ பின் அச்சுக்கு நூறோடு நிற்காது. சிறுவர் பூங்காவின் சீசாப் பலகையில் ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழும்புவதுபோல, முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு அங்கே இருந்த பாரத்தையும் பின்னால் இழுத்துப் போடும்.

முன் சக்கரங்களை மேடைக்கு வெளியே விட்டு நிறுத்தினார். 2,330. வரம்பு 2,250. எண்பது கிலோ அதிகம்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதை யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். பசித்தவனுக்குச் சூடாகச் சோறு வைத்ததுபோல இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

இரவு முழுக்க யோசனை. மேடையின் விளிம்பில் சக்கரம் சரியாக நின்றதா? அந்த இடம் சமதளமா? நான் வேண்டிய எண்ணைத்தான் பார்த்தேனா? வேண்டும் என்பதை இல்லாத இடத்தில் பார்ப்பது மனிதர்களுக்கு நடப்பதுதானே.

காலையில் முதலாளியைக் கேட்டுக்கொண்டு, பட்டறை ஓட்டுநரோடு ஊருக்கு மறுபக்கம் உள்ள வேறொரு எடை மேடைக்குப் போனேன். சகலைக்குச் சொல்லவில்லை.

2,330. ஒரு கிலோகூடக் குறையவில்லை.

நிம்மதி. ஆனால் எது நிம்மதி: என் கணக்கு சரி என்பதா, அவர் கணக்கு தப்பு என்பதா?

மார்ச் 19, வியாழன்

அவர்கள் வீட்டில் வைத்துச் சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன். எண்களை மட்டும் சொன்னேன். இந்த நிலையில் அறிக்கை தர முடியாது என்றேன்.

சகலை, "எண்பது கிலோதானே அண்ணே. ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை கூடப் போட்டா தாங்கிடும்" என்று எழுந்து போய்விட்டார். சின்னவள், "அத்தான், அவர் ராத்திரி பகல் பாக்காம வேலை செஞ்சிருக்கார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பஸ்ஸில் திரும்பும்போது என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். எங்கள் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில், "நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும்" என்றாள். "எப்பவும் சரியாத்தான் இருக்கும். ஆனா சொல்லும்போது உங்க முகத்தைப் பாத்தேன். அவ்வளவு சந்தோஷமா நான் உங்களைப் பாத்து ரொம்ப நாள் ஆச்சு."

மார்ச் 20, வெள்ளி

பாத்துட்டா. எல்லாத்தையும் பாத்துட்டா. நான் எங்க போய் முகத்தை வச்சுக்கறது?

மார்ச் 25, புதன்

சகலை சந்தையில் வாங்கிய ஸ்பிரிங் பட்டைகளைப் போட்டுவிட்டார். வண்டி இப்போது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, கொத்தப் போகும் கோழிபோல நிற்கிறது. "பாருங்க, எவ்வளவு ஏத்தினாலும் தாழாது" என்றார்.

தாழாமல் இருப்பது வேறு, தாங்குவது வேறு என்று விளக்கினேன். அச்சு அதேதான், சக்கர வட்டு அதேதான், டயரும் பிரேக்கும் அதேதான். பட்டை மட்டும் கடினமானால் வண்டி பார்வைக்கு நிமிர்ந்து நிற்கும், உள்ளே படும் பாரம் அப்படியே இருக்கும். கதவோரத் தகட்டில் உள்ள எண், நாம் எதை வாங்கி மாட்டினாலும் மாறாது. செய்த கம்பெனியே எழுதிக் கொடுத்தால்தான் மாறும்.

"அப்ப என்னதான் செய்யலாம், சொல்லுங்க" என்றார். கோபமாக அல்ல. கேட்டார். என்னிடம் அவர் யோசனை கேட்டது இதுதான் முதல் தடவை.

தொட்டியைப் பின்னாலிருந்து கழற்றி முன் இருக்கைகளுக்குப் பின்னால், தரையோடு வைக்கலாம் என்றேன். காகிதம் எடுத்து வரைந்தேன். கோடுகள் நேராக வந்தன. அவர் மட்டும் தலையை நீட்டிப் பார்த்தார்.

மார்ச் 30, திங்கள்

தொட்டி மாறியது. பட்டைகளைக் கழற்றிவிட்டார். பின் அச்சு வரம்புக்குள் வந்துவிட்டது. இப்போது ஆள் கணக்கு.

அதற்காக மாலையில் அவர்கள் வீட்டுக்குக் குளியலறை எடை இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். செய்திருக்கக் கூடாது. சின்னவள் அதைப் பார்த்ததும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "அறுபதுன்னு எழுதிக்கங்க அத்தான்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"அறுபதா?" என்றார் சகலை. "அது கல்யாணத்துக்கு முன்னால. அதுவும் பொண்ணு பாக்கப் போனப்ப சொன்ன பொய்."

"உங்க வயித்தை மட்டும் தனியா ஏத்திப் பாருங்க, பின் ஆக்ஸில் உடையும்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல்.

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் இயந்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். விதிப்படி ஓர் ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ என்று வைத்துக்கொள்ளலாம், யாரையும் ஏற்றிப் பார்க்க வேண்டியதில்லை என்று அவர்களிடம் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உண்மையான எடை இருந்தால் கணக்கு சுத்தமாக இருக்குமே என்று ஆசைப்பட்டுவிட்டேன்.

சட்டத்துக்குச் சகலையும் நானும் ஒரே எடை. வேறெங்கும் இல்லாத சமத்துவம்.

மார்ச் 31, செவ்வாய்

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று பேர், அவர்கள் சாமான்கள்: 3,435. போகலாம். நாலாவது ஆளுக்கு எழுபத்தைந்து, அவருக்காகப் பின்பக்கம் இருவர் உட்காரும் ஓர் இருக்கை, அதைத் தரையில் இறுக்கும் இரும்புச் சட்டம், பெல்ட், அவருடைய பெட்டி: 3,620. நூற்றிருபது கிலோ அதிகம்.

கல் பலகையையும் ஒரு பாட்டரியையும் இறக்கினால் கொஞ்சம் குறையும், அப்போதும் போதாது. "எல்லாத்தையும் இறக்கிட்டா அது என்ன வீடு, பழைய பார்சல் வண்டிதான்" என்றார் சகலை. அதுவும் சரிதான்.

ஆக, மூன்று பேர். வண்டிக்குச் சொந்தக்காரர் ஒருவர். அவர் மனைவி ஒருத்தி. மூன்றாவது ஆள் யார் என்று யாரும் பேசவில்லை. பேசத் தேவைப்படவில்லை. வீடு வந்ததும் என் மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அப்ப நீங்க வீட்டைப் பாத்துக்கங்க" என்றாள். "உங்களுக்கு எப்படியும் பிடிக்காதே."

"ஆமாம்" என்றேன்.

ஏன் ஆமாம் என்றேன்?

ஏப்ரல் 3, வெள்ளி

இன்னொரு வழி இருக்கிறது. எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

இதே வண்டியைச் செய்த கம்பெனி, பின் அச்சுக்குத் தன்னுடைய ஸ்பிரிங்கும் கனமான டயரும் போட்டால் மொத்த எடையை 3,850 வரை உயர்த்தி எழுதித் தருகிறது. பழைய தகட்டுக்குப் பக்கத்தில் புதுத் தகடு அடித்துவிடலாம். நாலு பேரும் போகலாம். பட்டறையில் இரண்டு வண்டிகளுக்குச் செய்திருக்கிறோம்.

ஆனால் மூன்றரை டன்னைத் தாண்டினால் வண்டியின் வகுப்பு மாறிவிடும். கனரக உரிமம் உள்ளவர்தான் ஓட்டலாம். சகலையிடம் அது இல்லை. இந்த வயதில் புதிதாகக் கொடுக்க மாட்டார்கள்.

என்னிடம் இருக்கிறது. ஆய்வாளர்கள் லாரியை ஓட்டிப் பார்த்துத்தான் பிரேக்கைச் சோதிக்க வேண்டும். அதற்காக வாங்கியது. ஓய்வுக்குப் பிறகும் தவறாமல் புதுப்பித்து வருகிறேன். காலாவதி என்ற சொல் எனக்கு ஆகாது, அதனால்தான். ஓட்டியதெல்லாம் அலுவலக மைதானத்துக்குள். மதிலிலிருந்து மதில் வரை. சாலையில் ஒரு நாளும் இல்லை. எங்களிடம் கார்கூட இல்லை.

ஆகவே கணக்கு இதுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் அவரோடு மூன்று வாரம் போவாள், நான் இங்கே உட்கார்ந்து அவள் சிரிப்பதை மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருப்பேன். வாயைத் திறந்தால் மலைப் பாதையில் மூன்று உயிர்களை வைத்துக்கொண்டு நான் ஓட்ட வேண்டும்.

பொறாமை பெரிதா, பயம் பெரிதா? இதற்கு எடை மேடை இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

புதிதாக ஒரு ஸ்வெட்டர் வாங்கியிருக்கிறாள். பச்சை. கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தாள். "நல்லா இருக்கா?" என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றேன். போனில் தங்கையைக் கூப்பிட்டு அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசினாள். பின்னாலிருந்து அவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். தொண்டையில் தடுக்கி, பிறகு முழுதாக...

அடுத்த அறையில் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் சீவிவிட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சொன்ன விதம்தான் சரியில்லை.

எங்கள் வீட்டில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். எந்தப் பாதை, எங்கே தங்குவது என்று மூன்று பேர் பேசினார்கள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். சின்னவள், "பாவம் அத்தான், தனியா இருக்கணும்" என்றாள்.

சகலை சொன்னார்: "அண்ணன் உடம்பு ஒண்ணும் பாரமே இல்ல. அவர் கவலைதான் ஒரு டன் வரும். அதை ஏத்தினா எந்த ஆக்ஸிலும் தாங்காது."

சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நல்ல ஜோக்தான். வேறொருவரைப் பற்றி என்றால் நானும் சிரித்திருப்பேன்.

தட்டைக் கீழே வைத்தேன். "நாலு பேரும் போகலாம்" என்றேன். "அதுக்கு வழி இருக்கு. புதுத் தகடு அடிக்கலாம். ஆனா நீங்க ஓட்ட முடியாது. நான்தான் ஓட்டணும்."

மூவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

உரிமம், வகுப்பு, வரம்பு, எல்லாவற்றையும் விளக்கினேன். சகலை மேசைமேல் கிடந்த வண்டிச் சாவியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார். அவருக்கே தெரியாமல் செய்தார் என்று நினைக்கிறேன். பிறகு சிரித்து, "அதுக்கென்ன, ஓட்டுங்க அண்ணே" என்றார். சாவி கைக்குள்ளேயே இருந்தது.

ஏப்ரல் 13, திங்கள்

அவளுக்காகச் சொன்னேனா? விதி அப்படி என்பதற்காகச் சொன்னேனா? இல்லை, அவர் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்குவதற்காகவா?

மூன்றும் என்று எழுதினால் நேர்மையாக இருக்கும். எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

காலையில் அவள் காபியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "லாரியெல்லாம் ஓட்டினீங்களா?"

"மைதானத்துக்குள்ளதான்."

"எத்தனை வருஷம் டிபன் கட்டிக் கொடுத்திருக்கேன். நீங்க அங்க உக்காந்து எழுதுறீங்கன்னுதானே நினைச்சேன். லாரி ஓட்டுறேன்னு ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே."

சொல்லும்படியாக அதில் என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்திருந்தேன். சகலையாக இருந்தால் முதல் நாளே தெருவுக்கே தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

டாக்டர் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நின்றேன். "எதுக்கு சார் இந்த வயசுல?" என்றார். என் மனைவி மூன்று வாரம் வெளியூர் போகிறாள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மாலையில் பட்டறைக்குப் பின்னால் முதலாளியோடு பழகினேன். இரண்டு முறை வண்டி அணைந்துவிட்டது. "சார், வண்டியைக் கேட்டுக்கிட்டு ஓட்டாதீங்க, சொல்லி ஓட்டுங்க" என்றார். எதையும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஏப்ரல் 29, புதன்

கம்பெனியின் ஸ்பிரிங் வந்தது, டயர் வந்தது, புதுத் தகடு அடித்தாயிற்று: 3,850. எடை அறிக்கையை நான் எழுதவில்லை. ஓட்டப்போகிறவனே எழுதக் கூடாது என்று சொல்லி, பழைய அலுவலகத் தோழரைக் கூப்பிட்டு எழுத வைத்தேன். அவர் பின் அச்சைத் தனியாக ஏற்றிப் பார்க்க மறந்துவிட்டுப் புறப்பட்டார். திரும்பக் கூப்பிட்டு ஏற்ற வைத்தேன். சகலை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜோக் ஏதும் வரவில்லை.

மே 4, திங்கள்

புறப்பட்டோம். பின்பக்கம் உட்கார்ந்தால் சின்னவளுக்குக் குமட்டுகிறதாம். ஆகவே அவள் முன்னால், என் பக்கத்தில். வழித்தட வரைபடத்தைப் பிடித்துக்கொள்ள முன்னால் வருகிறேன் என்றார் சகலை, ஆனால் முன்னால் இருந்த நடு இருக்கையில் சாப்பாட்டுக் கூடைகள். கடைசியில் அவர் பின்னால் போனார். பின்னால் இருப்பது இரண்டு இருக்கைகள். ஒன்றில் என் மனைவி, பச்சை ஸ்வெட்டரோடு.

நான் சாலையைப் பார்க்க வேண்டும். கண்ணாடியைப் பார்க்க வேண்டும். பின்னால் பேச்சு. பிறகு சிரிப்பு. திரும்பிப் பார்க்க முடியாது, பின்னால் லாரி.

கணக்குப் போட்டது நான். வழி கண்டுபிடித்தது நான். ஒற்றைக் காலில் நின்றது நான். எல்லாம் செய்து, அவர்கள் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, நானே ஓட்டிக்கொண்டு போகிறேன்.

மே 5, செவ்வாய்

மழை. நாற்பதுக்கு மேல் போகவில்லை. கழுத்து வலி.

மே 6, புதன்

இன்று மலை. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி இறங்கி முன்பக்கம் வந்தாள். தங்கையிடம், "நீ பின்னால போய்ப் படு. குமட்டினா படுத்தாத்தான் நல்லது" என்று சொல்லி ஏறி, என்னை ஒட்டிய நடு இருக்கையில் உட்கார்ந்தாள். கூடைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் ஏறியதும், "கை நடுங்குது உங்களுக்கு" என்றாள்.

"ஆமாம்."

"ஓட்டுங்க. நான் பேசல."

மேலே போய்ச் சேரும்வரை பேசவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவள் உடம்பும் என்னோடு சாய்ந்தது. நான் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அவள் காலும் தரையை மிதித்தது. உச்சியில் நிறுத்தியபோது இரண்டு பேருக்கும் வியர்த்திருந்தது. அவள் தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் நெற்றியைத் துடைத்தாள். புது ஸ்வெட்டர்.

பின்னால் சகலை தூங்கியிருக்க வேண்டும். அல்லது தூங்குவதுபோல இருந்திருக்க வேண்டும்.

மே 9, சனி

ஏரிக்கரையில் வேலி போட்ட பெரிய புல்வெளி. வண்டியோடு வந்து தங்குபவர்களுக்காக ஒருவர் விட்டிருக்கும் இடம். எங்களைத் தவிர யாருமில்லை.

காலையில் சகலை குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். மூன்று நாட்களாக அவர் பேச்சே குறைந்துவிட்டது. நான் ஓட்டும்போது மட்டும், "இங்க மூணாவது போடலாமே", "அவனை முந்திக்கலாமே" என்று குரல் வரும். நான் முந்துவதில்லை. இன்று தண்ணீர் பிடிக்கக் குனிந்தபோது சொன்னார்:

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்காதீங்க. நேத்து டீசல் போடுற இடத்துல அந்த ஆள் உங்களைப் பாத்து, 'நல்லா கட்டியிருக்கீங்க சார், வண்டி பிரமாதம்'னான். எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. ஒவ்வொரு ஆணியும் நான் அடிச்சது. அவன் உங்களைப் பாத்துச் சொல்றான். நீங்களும் தலையாட்டுறீங்க."

"அவன் சொன்னது எனக்குச் சரியாக் கேக்கல" என்றேன். உண்மைதான்.

"தெரியும். அதான் இன்னும் எரியுது. அப்புறம் இந்த அண்ணி. 'அவர் எப்படி ஓட்டுறார் பாத்தீங்களா, எப்படி ஓட்டுறார் பாத்தீங்களா'ன்னு என்கிட்டயே வந்து சொல்றாங்க. நான் என்ன சொல்றது?"

அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். மார்ச் மாதம் முழுக்கச் சவரம் செய்யும்போது பார்த்தது. எனக்கும் அப்படித்தான், உங்கள்மேல்தான், என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னாரே, அப்படிக் குழாயடியில் நின்று, சாதாரணமாக. எனக்கு வரவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன்.

"வேலிக்குள்ள சாலை விதி கிடையாது, தனி இடம்" என்றேன். "வாசல்ல இருக்கிறவர்கிட்ட கேட்டுட்டேன். பத்துல போங்க."

"பதினஞ்சு" என்றார்.

"பதினஞ்சு."

அவர் போன வேகத்தைப் பார்த்தால் அறுபத்தாறு வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சின்னவள் ஏறினாள். என் மனைவி படியில் கால் வைத்துவிட்டு, "நீங்க வரல?" என்று கேட்டாள்.

"நீ போ. நான் கொஞ்சம் உக்கார்றேன்."

மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வண்டி புல்வெளியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பதினைந்துக்கு மேலேதான் இருக்கும். ஒவ்வொரு முறை என்னைத் தாண்டும்போதும் உள்ளே சிரிப்பு. எதற்கென்று இங்கிருந்து தெரியவில்லை. நிறுத்தியதும் கேட்க வேண்டும்.